சென்னை–சிங்கப்பூர்–மெல்போர்ன், எகானமி வகுப்பு: பஸ் பாடி கட்டும் ஒருவனின் மதிப்புரை

கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். எந்த வண்டியில் ஏறினாலும் என் கை முதலில் போவது சீட்டின் அடிச்சட்டத்துக்குத்தான். விமானமும் அதற்கு விலக்கல்ல. மகள் மெல்போர்னில் குடியிருப்பதால் மனைவியும் நானும் அவ்வப்போது போய்வருகிறோம். சென்னையிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. வழியில் எங்கேனும் இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். நாங்கள் சிங்கப்பூர் வழியாகப் போகிறோம். முதல் கட்டம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், இரண்டாவது ஏறத்தாழ ஏழரை மணி நேரம்.

விமான நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. சீட்டைப் பற்றி நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

பட்டறையில் டேப் கைக்கு எட்டாதபோது சாண்தான் எனக்கு அளவுகோல். விரித்தால் ஒன்பது அங்குலம். இரண்டாம் கட்டத்தில் வந்தது ஏர்பஸ் ஏ330 விமானம். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே இரண்டு சாணுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது, அதாவது பதினேழரை, பதினெட்டு அங்குலம். பெரிய விமானங்களின் எகானமியில் இது நல்ல அளவு. ஏ330இல் வரிசைக்கு எட்டுப் பேர், 2-4-2: இரு ஜன்னலோரமும் இரண்டிரண்டு, நடுவில் நான்கு. போயிங் 787இல் ஒன்பது பேர், 3-3-3. அங்கே ஏறக்குறைய பதினேழு அங்குலம். போயிங் 777இன் கதைதான் வேடிக்கை. அது வந்த புதிதில் பெரும்பாலான நிறுவனங்கள் வரிசைக்கு ஒன்பது பேரைத்தான் உட்கார வைத்தன. இப்போது பல நிறுவனங்கள் பத்துப் பேரை வைக்கின்றன. விமானத்தின் வயிறு ஒரு விரல்கூடப் பெருக்கவில்லை. இரண்டுக்கு இரண்டாகக் கட்டிய வண்டியை முதலாளி இரண்டுக்கு மூன்றாக மாற்றிக் கேட்டால் நாங்கள் என்ன செய்வோமோ அதையேதான் அவர்களும் செய்திருக்கிறார்கள்: கொஞ்சம் நடைவழியில், கொஞ்சம் கைப்பிடியில், மீதியை உட்காருகிறவரின் தோளில் செதுக்குவது. ஆகவே டிக்கெட் எடுக்கும்போது நிறுவனத்தின் பெயரைவிட விமானத்தின் வகையைப் பாருங்கள். இருவராகப் போகிறவர்களுக்கு 2-4-2 ஒரு வரம். ஜன்னலும் நடைவழியும் நம் கையில். கழிப்பறைக்குப் போக மூன்றாம் மனிதரை எழுப்ப வேண்டியதில்லை.

அடுத்தது பிட்ச். இதைக் கால் நீட்டும் இடம் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளிவரை உள்ள தூரம்தான் பிட்ச். எகானமியில் பொதுவாக 31 அங்குலம். முதுகுப்பலகை மெலிந்தால் அதே 31இல் முழங்காலுக்கு இடம் கூடும். இப்போதைய சீட்டுகளில் பலகையை மெலிய வைத்து, முன் சீட்டின் முதுகில் புத்தகம் செருகும் பையை முழங்காலுக்கு மேலே ஏற்றிவிட்டார்கள். நல்ல வேலை, தொழில்காரனாகப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த உற்சாகத்தில் உட்காரும் மெத்தையையும் இழைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரம் போனதும் ஃபோம் அமுங்கி அடித்தட்டு தெரிகிறது. என் பட்டறையிலிருந்து இப்படி ஒரு மெத்தை வெளியே போனால் மறு வாரமே வண்டி திரும்பி வந்து நிற்கும்.

இன்னொரு வம்பு, காலடியில் இருக்கும் பெட்டி. திரைக்கு மின்சாரம் தரும் உலோகப் பெட்டியைச் சில சீட்டுகளின் அடியில் பொருத்தியிருக்கிறார்கள். அது நம் முன் சீட்டின் அடியில் அமைந்துவிட்டால் ஒரு காலுக்கு இடம் இல்லை. என் மனைவிக்கு ஜன்னலோரம் அப்படித்தான் அமைந்தது. "ஏங்க, இந்தப் பெட்டிக்கும் சேர்த்தா டிக்கெட் எடுத்தோம்?" என்று கேட்டாள். அரை மணி நேரம் கழித்து இடம் மாறிக்கொண்டோம்.

சட்டத்தைப் பற்றி மட்டும் யாரும் குறை பேச வேண்டாம். மெலிந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு ஏளனமாகச் சிரித்த ஒருவரை எனக்குத் தெரியும். புவியீர்ப்பைப்போல 16 மடங்கு விசை முன்னோக்கித் தள்ளினாலும் சீட் பிடுங்கிக்கொண்டு போகக்கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1988இல் விதி கொண்டுவந்தது. 2009 அக்டோபருக்குப் பிறகு தயாராகும் பயணிகள் விமானங்களுக்கு அது கட்டாயமாகிவிட்டது. அவ்வளவு குறைந்த எடையில் அவ்வளவு பலம் தரும் சட்டத்தைச் செய்யச் சொன்னால் நான் கைகூப்பிவிடுவேன். மெத்தைக்குப் பத்துக்கு நான்கு, சட்டத்துக்குப் பத்துக்குப் பத்து.

உள்ளே இருக்கும் காற்றும் ஒரு விஷயம். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்தாலும் உள்ளே அழுத்தத்தை 8,000 அடி உயரத்துக்குச் சமமாகவேனும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஊட்டியைவிடச் சற்று உயரம், அவ்வளவுதான். 787, ஏ350 போன்ற புது விமானங்களில் அது 6,000 அடி, அதாவது ஏறக்குறைய குன்னூர். ஊட்டிக்கு ஏறும்போது காது அடைத்து, லேசாகத் தலை கனப்பவர்களுக்கு இந்த 2,000 அடி வித்தியாசம் தெரியும். ஈரப்பதம் மட்டும் ஊட்டியோடு ஒட்டாது. உதடு வெடிக்கும் அளவுக்கு வறட்சி. தண்ணீர் கேட்டால் கோப்பையில் தருவார்கள், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சாப்பாடு. சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானத்தில் சீரகச் சாதமும் பன்னீரும் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அதைச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்கு வியப்பு. இரண்டாம் கட்டத்துக்கு ஆசிய சைவ உணவு என்று முன்பதிவிலேயே குறித்துவிடுங்கள்; ஏவிஎம்எல் என்பது அதன் குறியீடு. சொல்லிவைத்தவர்களுக்கு முதலில் பரிமாறிவிடுவார்கள். மற்றவர்கள் வண்டி வரும்வரை மணம் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் கை துடைத்து உட்கார்ந்திருக்கலாம். ராஜ்மா வந்தது, உப்பே இல்லாததுபோல. சமையல்காரரைத் திட்டிப் பயனில்லை. வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கிவிடுகின்றன. ஓரத்தில் வைத்திருந்த ஊறுகாய்ப் பொட்டலம்தான் மானத்தைக் காப்பாற்றியது.

இனி சிங்கப்பூர். இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

வழியில் மாறுவதை எல்லோரும் தண்டனையாகப் பேசுகிறார்கள். டிக்கெட் பதிந்து தரும் பையன்கூட, "ஐயா, ஒரு மணி பத்து நிமிஷத்தில் அடுத்த விமானம் இருக்கிறது, காத்திருக்க வேண்டியதில்லை" என்று ஏதோ சலுகை தருவதுபோலச் சொன்னார். அதே கட்டணத்தில் ஐந்து மணி நேர இடைவெளி உள்ளதைக் கேட்டு வாங்கினேன். முதல் விமானம் அரை மணி நேரம் தாமதித்தால் ஒரு மணி பத்து நிமிஷம் என்னாகும்? அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரு முனையத்திலிருந்து இன்னொரு முனையத்துக்கு ஓடுவதா? நான்கு மணி நேரத்துக்கு மேல் நீளும் பயணங்களில் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தால் அந்த ஆபத்து மிகக் குறைவுதான். இரத்தம் உறைவதற்கு அசையாமல் உட்காருவதே காரணம். இரண்டு உட்காரல்களுக்கு நடுவே நன்றாக நடக்க ஓர் இடமும் நேரமும் கிடைப்பதைத் தண்டனை என்று சொல்ல மாட்டேன்.

சாங்கி விமான நிலையத்தில் பெரும்பாலான இடங்களில் தரைக்குக் கம்பளம் விரித்திருக்கிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதன் அருமை பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முதல் மூன்று முனையங்களும் உள்ளுக்குள்ளேயே இணைந்திருப்பதால் குடியேற்றச் சோதனைக்குப் போகாமலே சுற்றி வரலாம். மூன்றாம் முனையத்தில் உயிருள்ள வண்ணத்துப்பூச்சிகள் பறக்கும் தோட்டம். இரண்டாம் முனையத்தின் மேல்தளத்தில் சூரியகாந்தித் தோட்டம். விடிகாலையில் அங்கே போனால் ஓடுபாதையில் விமானங்கள் ஏறுவதையும் பார்க்கலாம். காலைப் பிசைந்துவிடும் இயந்திரங்கள் காசில்லாமல் இருக்கின்றன. அதில் உட்கார்ந்த மனைவியை எழுப்ப நான் பட்ட பாடு தனிக் கதை.

நடைவழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்ததும், "எந்த ஊர்ங்க?" என்று தமிழில் கேட்டார். குடிதண்ணீர் எங்கே பிடிக்கலாம், எங்கே கூட்டமில்லாமல் உட்காரலாம் என்று அவர் சொன்னதை எந்த வரைபடமும் சொல்லாது. அவர் காட்டிய மூலையில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிக் கட்டிவந்த இட்லியைச் சாப்பிட்டோம். பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான். போட்டிக்கு வேறு எதுவும் இல்லை.

விமான நிலையத்தை ஒட்டி 2019இல் திறந்த ஜூவல் என்ற வணிக வளாகத்தையும் அதன் நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியையும் பார்க்க வேண்டுமென்றால் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே போக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குச் சாதாரணமாக விசா தேவை. ஆனால் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவும் அடுத்த பயண டிக்கெட்டும் இருந்தால், 96 மணி நேரம்வரை விசா இல்லாமல் தங்க அனுமதிக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, கிளம்பும் முன் சிங்கப்பூர்க் குடியேற்றத் துறையின் தளத்தில் படித்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இருப்பவர்களுக்கு விமான நிலையமே நகரத்தைச் சுற்றிக் காட்டும் இலவசப் பயணமும் நடத்துகிறது. வெளியே போக மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் நடுவே ஓடும் சிறு ரயிலில் ஏறுங்கள். அது ஜூவலுக்குள் புகுந்துதான் போகிறது. கண்ணாடி வழியே அருவி தெரியும். நாங்கள் ரயிலில் போய், அதே ரயிலில் திரும்பி, மறுபடியும் போனோம்.

இரண்டு எச்சரிக்கைகள். அந்த மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலிலேயே நடக்கிறது. ஆகவே ஆசையாக நிரப்பிய தண்ணீர்ப் புட்டியை அங்கே கவிழ்க்க வேண்டிவரும். கடைசி நிமிடத்தில் போய் நிற்பதும் ஆகாது. இரண்டாவது, மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு கட்டத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுக்காதீர்கள். ஒரே முன்பதிவாக இருந்தால் சென்னையில் போடும் பெட்டியை மெல்போர்னில் எடுத்துக்கொள்ளலாம். முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டால் வேறு விமானம் ஏற்றிவிடுவதும் அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் சிங்கப்பூரில் வெளியே போய்ப் பெட்டியை எடுத்து மறுபடியும் போட வேண்டிவரலாம். தவறினால் நட்டம் நம்முடையது. சென்னையில் பெட்டிக்குக் கட்டும் அட்டையில் மெல்போர்ன் என்று அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

இரண்டாம் கட்டம் பகல் பயணம். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையைத் தொட்டதும் கீழே சிவப்பு மண் தொடங்குகிறது. ஊர் இல்லை, சாலை இல்லை, மணிக்கணக்கில் அதே சிவப்பு. திரையில் படம் பார்க்கச் சொல்லி ஜன்னலை மூடச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முன் சீட்டுக்காரர் சாய்ந்துகொண்டார். அது அவர் உரிமை, சீட் சாய்வதற்காகத்தான் செய்யப்பட்டது. சாப்பாட்டுத் தட்டு வரும்போது மட்டும் நிமிர வேண்டும். அதைப் பணிப்பெண்ணே வந்து சொல்லிவிடுவார், நாம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

மெல்போர்னில் இறங்கும்போது உணவுப்பொருள் எதுவானாலும் படிவத்தில் குறித்துவிடுங்கள். மறைத்தால் அபராதம் கடுமை. பருப்புப்பொடியையும் சாம்பார்ப்பொடியையும் காட்டினோம், பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்கு வழியில்லை. விமானத்தில் தந்த ஆப்பிளைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது.

மகள் அடுத்த முறை பிரீமியம் எகானமி எடுத்துத் தருகிறேன் என்கிறாள். பிட்ச் 38 அங்குலம் இருக்கும், மெத்தையும் கனமாக இருக்கும். டெல்லியிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் ஒரே மூச்சில் போவதென்றால் சரி என்று சொல்லியிருப்பேன். நடுவில் ஐந்து மணி நேரம் நடந்து, இட்லி தின்று, காலைப் பிசைந்துகொண்டு ஏறும் ஏழரை மணி நேரத்துக்கு அவ்வளவு பணம் எதற்கு? அதைவிட, ஏ330இன் வால்பக்கத்து வரிசைகளைக் கேட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே விமானத்தின் வயிறு ஒடுங்குவதால் நடுவில் நான்குக்குப் பதில் மூன்று சீட்டுகள்தான். சில வரிசைகளில் ஜன்னல் சீட்டுக்கும் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் கிடைக்கலாம். கழிப்பறை பக்கம், சத்தம் உண்டு, கடைசியாகத்தான் இறங்க முடியும். இறங்கி ஓடுவதற்கு எங்களுக்கு என்ன அவசரம்?