டெலிகாம் பங்கின் நியாய விலை: பி/இ-யா, எபிட்டாவா, கையில் மிஞ்சும் பணமா?

2025 ஏப்ரலில் ஏர்டெல் பங்கு 1,800 ரூபாயை ஒட்டி இருந்தது. வோடபோன் ஐடியா பத்து ரூபாய்க்கும் கீழே. "ரெண்டாவதுதானே மலிவு?" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அதே மாதம்தான் அரசு தனக்கு வரவேண்டிய 36,950 கோடி ரூபாய் பாக்கியைப் பங்கு பத்து ரூபாய் வீதம் வோடபோன் ஐடியா பங்குகளாக எடுத்துக்கொண்டது. மொத்தப் பங்குகள் 10,800 கோடியைத் தாண்டின. ஏர்டெலில் ஏறக்குறைய 600 கோடிதான். ஆகவே பங்கு விலையை மட்டும் வைத்து மலிவு, விலையதிகம் என்று பேசவே முடியாது.

சரி, பி/இ, அதாவது பங்கு விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்த விகிதத்தை, பார்க்கலாமா? வங்கிக்கும் சோப்பு கம்பெனிக்கும் உதவும் இந்த விகிதம் டெலிகாமில் அடிக்கடி காலை வாரிவிடும். 2019 அக்டோபரில் ஏஜிஆர் பாக்கி (வருவாயில் அரசுக்குச் சேரவேண்டிய பங்கின் பாக்கி) பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அந்த நிதியாண்டில் ஏர்டெலுக்கு 32,183 கோடி ரூபாய் நஷ்டம், வோடபோன் ஐடியாவுக்கு 73,878 கோடி. நஷ்டத்துக்கு ஏது பி/இ? ஆனால் 2021-ல் ஏர்டெல் தன் பங்குதாரர்களுக்கு 535 ரூபாய்க்கு உரிமைப் பங்கு (புதுப் பங்கு) கொடுத்தபோது வாங்கியவர்கள் இன்று நல்ல லாபத்தில் இருக்கிறார்கள். மறுபக்கமும் உண்டு. 2024 நவம்பரில் கோபுர நிறுவனமான இண்டஸ் டவர்ஸ் ஏர்டெலின் துணை நிறுவனமானபோது ஒருமுறை மட்டும் வரும் கணக்கு லாபம் சேர்ந்தது. அதைக் கழிக்காமல் பார்த்தால் பங்கு உள்ளதைவிட மலிவாகத் தெரியும்.

அடுத்தது ஈவி/எபிட்டா. சந்தை மதிப்போடு கடனைக் கூட்டி, கையிருப்பைக் கழித்து (இதுதான் ஈவி), எபிட்டாவால், அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபத்தால், வகுப்பது. கடன் கண்ணுக்குத் தெரிவதால் பி/இ-யைவிட இது நேர்மையானது. ஆனாலும் இரண்டு ஓட்டைகள். 2019 ஏப்ரலில் வந்த புதிய குத்தகைக் கணக்கு முறைக்குப் பிறகு, கோபுர வாடகையின் பெரும்பகுதி தேய்மானத்துக்கும் வட்டிக்கும் போய்விடுகிறது. எபிட்டா உப்பித் தெரிகிறது. அலைக்கற்றைச் செலவும் அதில் வராது. 2022 ஏலத்தில் ஏர்டெல் எடுத்த அலைக்கற்றையின் விலை மட்டும் 43,084 கோடி! சம்பளத்தைச் சொல்லிவிட்டு வீட்டு வாடகையையும் கடன் தவணையையும் சொல்லாமல் விடுவது மாதிரிதான்.

நான் நம்புவது மூன்றாவது வழியை. எபிட்டாவிலிருந்து குத்தகை, வட்டி, வரி, நெட்வொர்க் முதலீடு, அலைக்கற்றைத் தவணை எல்லாம் போக மிஞ்சும் பணம் எவ்வளவு? அதைச் சந்தை மதிப்போடு ஒப்பிடுங்கள். ஆண்டறிக்கையின் பணப்புழக்கப் பக்கத்தில் பெரும்பாலும் எல்லாம் கிடைக்கும், ஒரு மாலை நேரம் போதும். 5ஜி கோபுரங்கள் எழும்பும் ஆண்டுகளில் இந்தத் தொகை சுருங்கிக் காட்டும் என்பதால் நான்கைந்து ஆண்டுச் சராசரியை எடுப்பேன்.

அப்புறம் எந்த முறையானாலும் ஆர்ப்பு, அதாவது ஒரு வாடிக்கையாளர் மாதம் தரும் சராசரி வருவாய், முடிவைப் புரட்டிப்போடும். 2024 ஜூலை கட்டண உயர்வுக்கு முந்தைய காலாண்டில் ஏர்டெலுக்கு அது 211 ரூபாய். 2025 மார்ச் காலாண்டில் 245. கோபுரமும் அலைக்கற்றையும் ஏற்கெனவே இருப்பவை என்பதால், கூடுதலாக வந்த 34 ரூபாயில் பெரும்பங்கு லாபமாகவே இறங்குகிறது.

வோடபோன் ஐடியாவுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் விடை அரசின் கையில் போய் நிற்கும். பாக்கியில் எவ்வளவு தள்ளுபடி, எவ்வளவு மறுபடி பங்காக மாறும் என்பதைப் பொறுத்தே எல்லாம். அதற்கு ஒரு நியாய விலை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.