மரப்படிக்கு மருந்து, எனக்குத் தலைவலி

ஜெலுத்தோங்கில் எங்கள் பழைய வீட்டு மரப்படியில் மாவு மாவாகத் தூள் கொட்டியது. கரையான் இல்லை, மரவண்டு. பூச்சிமருந்து அடிக்கும் ஒரு நிறுவனத்தை அழைத்தேன். சொன்ன நேரத்துக்கு வந்தார்கள், 650 வெள்ளி, வேலை சுத்தம்.

குறை வாடையில்தான். "ரெண்டு மணி நேரத்துல போயிடும் அக்கா" என்றார் வந்த தம்பி. ஐந்து நாளாகியும் போகவில்லை. மாடியில் படுக்கும் அம்மாவுக்கு ஆஸ்துமா, இரவெல்லாம் இருமல். எனக்குத் தலைவலி. கேட்ட பிறகுதான் டின்னைக் காட்டினார்: பெர்மெத்ரின், எண்ணெய்க் கரைப்பானில் கலந்தது. வாடையும் தலைவலியும் பெரும்பாலும் அந்தக் கரைப்பானின் வேலை.

இன்னொன்று. பெர்மெத்ரினைப் பூனையின் ஈரலால் சரியாக முறிக்க முடியாது. ஈரம் காயாத படியில் நடந்துவிட்டுக் காலை நக்கினால் வலிப்பே வரலாம். எங்கள் பூனைகள் இரண்டும் வாசலிலேயே அவர் காலை உரசின. அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நல்லவேளை, மருந்து அடிக்குமுன் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டேன்.

தண்ணீரில் கரைக்கும் போரான் மருந்து இல்லையா என்றேன். "அது மரத்துல ஊற வார்னிஷைச் சுரண்டணும், வேலை அதிகம்." சரி, முதலிலேயே கேட்டிருந்தால் சுரண்டச் சொல்லியிருப்பேனே!

இரண்டு நட்சத்திரம். தூள் கொட்டுவது நின்றுவிட்டது, அதையும் சொல்ல வேண்டும்.