நாயோடு ஒரு நாள்: கடற்கரையா, கோட்டையா?

விடுமுறை நாளில் நாயையும் கூட்டிக்கொண்டு எங்காவது போகலாம் என்று வீட்டில் பேச்சு வந்தால், முதலில் எல்லோர் வாயிலும் வருவது கடற்கரைதான். கோட்டை, இடிபாடு, பழைய அரண்மனை இவையெல்லாம் மனிதர்கள் பார்க்கப் போகும் இடங்கள், நாய் பாவம் அங்கே என்ன செய்யும் என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வரும், நன்றாக நீந்தும், இளமையான நாய்க்குக் கடற்கரையை மிஞ்ச எதுவும் கிடையாது. ஆனால் வீடுகளில் இருக்கும் நாய்கள் எல்லாம் அப்படியா இருக்கின்றன? கொஞ்சம் வயதானது, கொஞ்சம் பயந்த சுபாவம், கொஞ்சம் எடை கூடியது, கூப்பிட்டால் யோசித்துப் பார்த்துவிட்டு வருவது என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. இந்த வகை நாய்களுக்குத் திறந்தவெளிக் கோட்டையே நல்லது என்பது என் கட்சி.

அனுமதி எதுவரை?

கடற்கரையில் கட்டுப்பாடு பெரும்பாலும் காலத்தைப் பொறுத்தது. கூட்டம் கூடும் மாதங்களில் தடை, மற்ற மாதங்களில் அனுமதி. அல்லது பகலில் தடை, விடியற்காலையிலும் மாலையிலும் அனுமதி. ஒரே கரையில் ஒரு பகுதிக்குள் நாய் வரலாம், பக்கத்துப் பகுதிக்குள் வரக்கூடாது என்றும் இருக்கும். இதெல்லாம் யாரோ நாயைப் பிடிக்காதவர் போட்ட விதி என்று நினைக்க வேண்டாம். குளிக்கும் கடல்நீரின் தரத்தை, மலத்திலிருந்து வரும் பாக்டீரியாக்களின் அளவை வைத்துத்தான் பார்க்கிறார்கள். நாயின் கழிவும் அந்தக் கணக்கில் சேரும். இன்னொரு காரணம் பறவைகள். உப்புக்கொத்தி, ஆலா போன்றவை கூடு கட்டாமல் வெறும் மணலிலேயே முட்டையிடும். முட்டையும் மணல் நிறத்திலேயே இருக்கும். நாய் அதை மிதிக்கக்கூட வேண்டாம், அந்தப் பக்கம் ஓடினாலே தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அது திரும்பி வருவதற்குள் முட்டை வெயிலில் காய்ந்து போகலாம், காக்கை கொத்திக்கொண்டும் போகலாம். ஆமைகள் முட்டையிடும் கரையில் நாய் தோண்டவே தொடங்கிவிடும்.

வரலாற்று இடங்களில் கட்டுப்பாடு இடத்தைப் பொறுத்தது. வெளி முற்றம், மதில், தோட்டம் வரை சரி. கூரை போட்ட அறைகளுக்குள் கூடாது. பழைய மரத்தளத்தில் நகம் கீறும், திரைச்சீலையில் முடி ஒட்டும் என்பது எல்லோருக்கும் புரியும். பலருக்குத் தெரியாதது சிறுநீர் சமாச்சாரம். அதிலுள்ள உப்புகள் சுண்ணாம்புக்கல், மணற்கல் ஆகியவற்றின் நுண்துளைகளுக்குள் இறங்கி, காயும்போது படிகமாகிக் கல்லை உள்ளிருந்தே உதிர்க்கும். ஒரு நாய் ஒரு தடவை செய்வதால் மதில் விழுந்துவிடாது. ஆனால் ஒன்று போன மூலையில்தான் அடுத்ததும் போகும், வருடக்கணக்கில் அதே மூலை. அகழாய்வு நடக்கும் இடத்தில் தோண்டுவது இன்னும் மோசம். மண் அடுக்கு ஒருமுறை கலைந்தால் எது எந்தக் காலத்தது என்று பிறகு படிக்க முடியாது.

பிரான்சில் லாஸ்கோ குகை ஓவியங்கள் 1940இல் வெளிச்சத்துக்கு வந்த கதையில் ரோபோ என்ற நாய்க்கும் ஒரு பங்கு சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை என்பதில் தகராறு உண்டு. ஓவியங்கள் பாழாகத் தொடங்கியதால் 1963இல் அந்தக் குகை மனிதர்களுக்கே மூடப்பட்டுவிட்டது. நாய்க்கு மட்டும்தான் தடை என்று வருத்தப்படுபவர்கள் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

ஆகவே கடற்கரைக்குக் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது எந்த மாதம், எந்த நேரம், எந்தப் பகுதி என்பது. கோட்டைக்கு ஃபோன் செய்தால், “நாய் வரலாமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடக்கூடாது. “எதுவரை வரலாம்?” என்று கேட்க வேண்டும். வாசல்வரை வரலாம் என்பதும் அவர்கள் கணக்கில் அனுமதிதான். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி நாய்களுக்குப் பல நாடுகளில் சட்டமே விலக்கு தருகிறது, அது தனிக் கணக்கு.

கோட்டையின் பெரிய ஆபத்து கோட்டைக்குள் இல்லை

அது கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. உள்ளே நாய்க்கு அனுமதி இல்லை என்று வாசலில் போய்த் தெரிந்துகொண்டதும், “சரி, பத்து நிமிஷம் காரில் இருக்கட்டும், ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்” என்று தோன்றும். வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளிலேயே, வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரியைத் தொட்டுவிடும். அரை மணி நேரத்தில் 43 வரை போகும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும், சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அதுவும் பலிக்காது. நாயின் இயல்பான உடல் வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி. 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் இந்த எல்லையை இன்னும் சீக்கிரம் எட்டிவிடும்.

கடற்கரையில் இந்தச் சபலமே வராது, நாய்க்காகத்தானே அங்கே போகிறோம். இந்த ஒரு விஷயத்தில் கடற்கரைக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். கோட்டைக்குப் போவதென்றால் இரண்டு பெரியவர்களாவது போக வேண்டும். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் நாயோடு நிழலில் நிற்பார், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். தனியாகப் போகிறவர் உள்ளறைகளை மறந்துவிட வேண்டியதுதான்.

வெயிலைப் பொறுத்தவரை இரண்டுமே மோசம். உலர்ந்த மணலும் சுடும், கல் பாவிய முற்றமும் சுடும். புறங்கையைத் தரையில் ஐந்தாறு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயாலும் நடக்க முடியாது. வித்தியாசம் என்னவென்றால், கடற்கரையில் ஈர மணல் எப்போதும் பக்கத்தில் இருக்கும், ஆனால் நிழல் இருக்காது. கோட்டையில் மதில் நிழல் இருக்கும், ஆனால் கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு மாலைவரை விடாது.

உப்பு, மணல், கரை ஒதுங்கியவை

கடற்கரைக்கு எதிராக நான் சொல்வதெல்லாம் கிட்டத்தட்ட இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. தாகமெடுத்த நாய் நக்கிக் குடிக்கும். பந்தைக் கவ்வி நீந்தும் நாய் குடிக்க நினைக்காமலே நிறைய விழுங்கும். கொஞ்சம் போனால் வயிற்றுப்போக்கு. வீடு திரும்பும் வழியில் கார் இருக்கையில் அதன் பலன் தெரியும். அதிகம் போனால் இரத்தத்தில் சோடியம் ஏறி, மூளை செல்களிலிருந்து நீரை இழுத்துவிடும். வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரையே எடுக்கலாம். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு நல்ல தண்ணீர் கொடுத்து, கடலை விட்டுச் சற்று நேரம் தள்ளி உட்கார வைத்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது. தள்ளாடத் தொடங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்தது மணல். டென்னிஸ் பந்தின் மேலுள்ள பஞ்சில் ஈர மணல் அப்பிக்கொள்ளும், ஒவ்வொரு முறை கவ்வும்போதும் கொஞ்சம் உள்ளே போகும். அது குடலில் சிமெண்ட் போல இறுகி அடைத்துக்கொண்டால் அறுவைச் சிகிச்சைவரை போகக்கூடும். வழவழப்பான, மிதக்கும் பொம்மையே நல்லது. நிறத்தையும் பார்த்து வாங்குங்கள். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு மங்கலாகிவிடும். நீலப் பொம்மை கடலில் மறைந்துபோகும் என்பதால் தண்ணீருக்கு மஞ்சளே சரி.

கரை ஒதுங்கியவற்றைப் பற்றித் தனியாகவே எழுதலாம். செத்த ஜெல்லி மீனும் கொட்டும். தூண்டில் முள்ளில் மீன் வாடை இருந்தால் நாய் முள்ளோடு விழுங்கிவிடும். பேத்தை மீனில் டெட்ரோடோடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. 2009இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துக் கரைகளில் சில நாய்கள் அடுத்தடுத்துச் செத்தன. கரை ஒதுங்கிய, ஓடில்லாத ஒருவகைக் கடல் நத்தையில் இதே நஞ்சு இருந்ததைப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள். “விடு” என்று சொன்னால் வாயிலிருப்பதைக் கீழே போடும் பழக்கம் நாய்க்கு இல்லையென்றால், கடற்கரையில் லீஷை, அதாவது பிடிகயிற்றை, கழற்றாதீர்கள். லீஷைக் கழற்றாவிட்டால் கடற்கரையின் பாதி இன்பம் போயிற்று. என் தயக்கமே அங்கேதான் தொடங்குகிறது.

கடல் ஏற்றத்தையும் வற்றத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கரைகளில் ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் வழக்கத்தைவிட மேலே ஏறும். வற்றிய நேரத்தில் கிடைக்கும் கெட்டியான ஈர மணல்தான் நாய் ஓடுவதற்கு அருமையான தரை. அதே நேரத்தில் பாறை முனையைச் சுற்றி அந்தப் பக்கம் போய்விட்டால், திரும்பும்போது வழி இருக்காது.

மதிலும் படிக்கட்டும்

கோட்டையில் கவனிக்க வேண்டியவை குறைவு. குட்டையான கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நாய்க்குத் தெரியும். அந்தப் பக்கம் நூறடிப் பள்ளம் என்று அதற்கு எப்படித் தெரியும்? புறாவைப் பார்த்துத் துள்ளி ஏறினால் முடிந்தது. அதனால் மதில்மேல் லீஷ் கையிலேயே இருக்கட்டும், அதுவும் நீளம் மாறாத, இரண்டு மீட்டருக்கு மிகாத லீஷ். இழுக்க இழுக்க நீளும் வகை, மூலை திரும்பும் இடங்களில் யாராவது ஒருவரைத் தடுக்கி விழ வைக்கும்.

சுழல் படிக்கட்டில் நாய் ஆர்வமாக ஏறிவிடும், இறங்கத்தான் அடம்பிடிக்கும். லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு தேய்ந்த கற்படியில் இறங்குவதைப் பற்றி ஏறுவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். டாஷ்ஹண்ட் போன்ற நீண்ட முதுகு நாய்களுக்கு முதுகெலும்பின் வட்டுகள் சுலபமாகப் பாதிக்கப்படும், அவற்றுக்கு இந்தப் படிகளே வேண்டாம்.

மூக்குக்கு எது விருந்து?

நாய்க்குக் கோட்டை சலிக்கும் என்ற எண்ணம் நம் கண்ணை வைத்துப் போட்ட கணக்கு. அது உலகத்தைப் பார்ப்பது மூக்கால். கல் இடுக்கு, பொந்தில் வாழும் பூனை, ஓணான் போன தடம், ஆயிரம் பேர் மிதித்த படி, நேற்று வந்த இன்னொரு நாய் விட்டுப்போன செய்தி என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாசனை. மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டில் பழகிய நாய்கள், பக்கத்தில் ஒட்டி நடக்கப் பழக்கிய நாய்களைவிட நம்பிக்கையான மனநிலையைக் காட்டின என்று 2019இல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. கோட்டையில் அதற்கு வாய்ப்பு தர வேண்டும் என்றால், வழிகாட்டியின் வேகத்தில் நடக்காமல் நாயின் வேகத்தில் நடக்க வேண்டும். அது ஒரு கல்லை ஐந்து நிமிடம் முகர்ந்தால் நிற்க வேண்டியதுதான். கல்வெட்டை நிதானமாகப் படிக்க உங்களுக்கும் நேரம் கிடைக்கும்.

கடற்கரையிலும் வாசனைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே அலைச் சத்தம், காற்று, குழந்தைகள், அவிழ்த்துவிட்ட மற்ற நாய்கள் எல்லாம் சேர்ந்து பயந்த நாயைத் திணறடித்துவிடும். லீஷில் இருக்கும் நாயிடம் லீஷில்லாத நாய் ஓடிவருவதுதான் பல சண்டைகளின் தொடக்கம். கோட்டையில் பொதுவாக எல்லா நாயும் லீஷில் இருக்கும், ஆகவே சமாளிப்பது எளிது.

ஓட்டத்தில் மட்டும் கோட்டையால் போட்டிபோட முடியாது. ஒரு வயது லாப்ரடாரை மூன்று மணி நேரம் மதில் சுற்றிக் காட்டினால், அது வீட்டுக்கு வந்து சோபாவைக் கடித்துப் பழி தீர்க்கும். அதைக் கடலுக்குக் கூட்டிப் போங்கள். குளிர்ந்த நீரில் வெகுநேரம் நீந்தினால் வால் மடங்கி அசையாமல் தொங்கிப்போவது உண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நாள் ஓய்வில் சரியாகிவிடும். நீந்தத் தெரியாத நாய்க்கு, முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை வேண்டும். எல்லா நாய்க்கும் நீச்சல் பிறவியிலேயே வரும் என்பது கட்டுக்கதை; புல்டாக் கல்லைப் போல மூழ்கும்.

இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்

கடலோரக் கோட்டைகளுக்குப் போகிறவர்கள் எதை முதலில் பார்ப்பது என்று யோசிப்பார்கள். நான் கோட்டையைக் காலையில் வைப்பேன். கல் அப்போது குளிர்ந்திருக்கும், கூட்டம் சேர்ந்திருக்காது, நாயும் உலர்ந்திருக்கும். உப்பும் மணலும் சொட்டச் சொட்ட வரும் நாயை எந்த வாசலிலும் சிரித்த முகத்தோடு வரவேற்க மாட்டார்கள். நடுப்பகல் முழுக்க நிழலில் ஓய்வு. கடலுக்கு மாலையில் போனால் மணலும் ஆறியிருக்கும், நேரக் கட்டுப்பாடு உள்ள கரைகளிலும் பெரும்பாலும் அப்போது நாயை விடுவார்கள். குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதையும் விரலிடுக்கையும் துடைத்துவிட்டால் நேராக வீட்டுக்குக் கிளம்பலாம். அன்றைக்கு மாலையில் கடல் ஏற்றம் என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கரையைக் காலையில் நீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்து முடித்துவிட்டு, நாய் நன்றாகக் காய்ந்த பிறகு கோட்டைக்குப் போகலாம். கல் சூடேறியிருந்தால் மதில் நிழலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.