கண்ணாடி டேங்க்கா, பிளாஸ்டிக் டேங்க்கா?

மின்சிகரெட்டில் திரவம் நிரப்பும் டேங்க் உடைந்து வேறொன்று தேடும்போது முதலில் வரும் கேள்வி இதுதான். நுவரெலியாக் குளிரில் இரண்டையும் பாவித்துப் பார்த்துவிட்டேன்.

பிளாஸ்டிக் இலேசானது. பஸ் படியில் கைதவறினாலும் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் அது பொலிகார்பனேட் என்ற வகைப் பிளாஸ்டிக் என்றால், கறுவா, எலுமிச்சை வாசனைத் திரவங்கள் அதை அரித்துவிடும். முதலில் மங்கும், அப்புறம் வெடிப்பு விடும். கறுவாவுக்குப் பேர்போன நாட்டில் இது கொஞ்சம் வேடிக்கைதான்! கண்ணாடிக்கு அந்தப் பயமில்லை, பழைய வாசனையும் ஒட்டாது. விழுந்தால் மட்டும் கதை முடிந்தது.

கொழும்பிலிருந்து மேலே ஏறும்போது இரண்டுமே ஒழுகும். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். பாதி நிரம்பிய டேங்க்கில் அடைபட்ட காற்று விரிந்து, திரவத்தைக் கொயில் (அதைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச்சுருள்) வழியாக வெளியே தள்ளும். நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கியபோது என் சட்டைப்பை முழுக்க ஈரம். இப்போதெல்லாம் டேங்க்கைக் காலியாக்கிவிட்டுத்தான் பயணம்.

குளிருக்குக் கிளிசரின் கூடிய திரவம் தடித்து, பஞ்சில் மெதுவாகத்தான் ஊறும். அதற்கு டேங்க் எதுவானாலும் பெரிய துளையுள்ள கொயில் வேண்டும்.

எதை வாங்கினாலும் 510 மரையா (டேங்க்கைப் பட்டரியில் திருகிப் பூட்டும் வழக்கமான மரை), விட்டம் பொருந்துமா என்று பாருங்கள். என் தெரிவு கண்ணாடி, கூடவே ஒரு மாற்றுக் கண்ணாடிக் குழாய். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் டேங்க் எளிதில் உடையாத பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். சிந்தும் நிக்கொட்டின் விஷம்.