த திக் ஆஃப் இட்: மெயின் நடிகர் ஜெயிலுக்குப் போயும் சாயாம நின்ன ஷோ

பிரிட்டிஷ் அரசியல் நக்கல் காமெடில ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கன்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம சொல்றது த திக் ஆஃப் இட் தான். நாலு சீசன், நடுவுல 2007-ல ரெண்டு ஸ்பெஷல், மொத்தம் 23 எபிசோட். 2005-ல பிபிசி ஃபோர்ல சின்ன பட்ஜெட்ல ஆரம்பிச்சு 2012-ல பிபிசி டூல முடிஞ்சுது. அர்மாண்டோ இயனூச்சி உருவாக்கினது. ஆனா இத சொல்லும்போதெல்லாம் கூடவே இன்னொரு விஷயத்தையும் சொல்லியாகணும், இல்லன்னா மூணாவது சீசன் போடும்போது முதல் ரெண்டு சீசன்ல மந்திரியா இருந்த ஆளு எங்க போனாருன்னு நீங்களே தேட ஆரம்பிச்சு, கிடைக்கற பதில்ல மனசு கெட்டுப்போயிடும்.

முதல்ல கதை. லண்டன்ல சமூக விவகாரத் துறைன்னு ஒரு கற்பனை அமைச்சகம், கவர்ன்மென்ட்லயே யாரும் பெருசா மதிக்காத துறை. மந்திரி, அவரோட ஆலோசகருங்க கிளென், ஆலி, எதுலயும் மாட்டிக்காம சாயங்காலம் வீட்டுக்குப் போனா போதும்னு இருக்கற பிரஸ் ஆபீசர் டெர்ரி. இவங்க எல்லாருக்கும் மேல பிரதமர் ஆபீஸ்ல இருந்து வர்ற மால்கம் டக்கர், பீட்டர் கபால்டி நடிச்சது. ஓட்டு வாங்கி ஜெயிச்ச ஆளே இல்ல, ஆனா ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்க எல்லாம் அவன் ரூமுக்குள்ள நுழைஞ்சா நடுங்குவாங்க. பிரதமரா இருந்த டோனி பிளேர் கிட்ட பத்திரிகை விவகாரத்த பாத்துக்கிட்ட அலஸ்டர் கேம்பெல் தெரிஞ்சவங்களுக்கு அவர் முகம் ஞாபகம் வராம இருக்காது.

கேமராவ கைல பிடிச்சுக்கிட்டு ஓடற மாதிரி எடுத்திருக்காங்க, எழுதின ஸ்கிரிப்ட்ட ஒரு தடவை எடுத்துட்டு அப்புறம் நடிகர்கள சொந்தமா பேச விட்டும் எடுத்திருக்காங்க, அதனால ஒருத்தர் பேச்சுல இன்னொருத்தர் விழுந்து, பாதில நிறுத்தி, மாத்திப் பேசி, நிஜ ஆபீஸ்ல நடக்கற மாதிரியே இருக்கு. கெட்ட வார்த்தை எழுதறதுக்குன்னே இயன் மார்ட்டின்னு ஒரு எழுத்தாளர வெச்சிருந்தாங்க. குழந்தைங்க முழிச்சிருக்கும்போது போடாதீங்க, மால்கமோட ஸ்காட்லாந்து உச்சரிப்புக்கு சப்டைட்டில் கண்டிப்பா வேணும்.

இப்போ அந்த விஷயம். முதல் ஆறு எபிசோடோட மையம் மந்திரி ஹியூ ஆபட், நடிச்சது கிறிஸ் லாங்ஹம். முதல் எபிசோட்லயே ஒரு அறிவிப்புக்காக பிரஸ் மீட்டுக்குக் கிளம்பி, கார்ல போகும்போதே அந்த அறிவிப்பு கேன்சல் ஆகி, கார் போய் நிக்கறதுக்குள்ள வேற ஒரு திட்டத்த கண்டுபிடிக்கணும்னு மூணு பேரும் தவிக்கற சீன் இருக்கு பாருங்க, அதுல அவர் நடிப்பு அபாரம், இல்லன்னு சொல்ல முடியாது. 2006-ல அவருக்கு பிரிட்டன்ல சினிமா, டிவிக்குக் குடுக்கற பாஃப்டா விருதும் கிடைச்சுது. 2007 ஆகஸ்ட்ல குழந்தைகள வெச்சு எடுத்த ஆபாசப் படங்கள கம்ப்யூட்டர்ல டவுன்லோட் பண்ணினதா 15 குற்றச்சாட்டுல ஜூரி அவர குற்றவாளின்னு சொல்லிட்டாங்க. ஒரு கேரக்டருக்காக ஆராய்ச்சி பண்ணேன்னு அவர் சொன்னது கோர்ட்ல எடுபடல. பத்து மாசம் தண்டனை, அப்பீல்ல ஆறு மாசமாச்சு.

தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே, கேஸ் போய்க்கிட்டு இருந்த காலத்துல, ஷோ அவர் இல்லாமலே நடக்க ஆரம்பிச்சிடுச்சு. 2007 ஜனவரிலயும் ஜூலைலயும் வந்த ரெண்டு ஸ்பெஷல்ல ஹியூ ஆபட் ஆஸ்திரேலியாவுக்கு லீவுல போயிருக்காருன்னு சொல்லிட்டு கதைய அந்தத் துறைக்கு வெளிய கொண்டு போயிட்டாங்க. பிரதமர் பதவி விலகப் போறாரு, அடுத்தது யாருன்னு கட்சிக்குள்ள அடிதடி. இது வரைக்கும் நாம பாக்காத எதிர்க்கட்சிய, பீட்டர் மேனியனா ராஜர் ஆலம வெச்சு, முதல் தடவையா உள்ள கூட்டிட்டு வர்றாங்க. பென் ஸ்வைன்னு ஒரு ஜூனியர் மந்திரி டிவில கறாரா பேட்டி எடுக்கற ஜெரமி பாக்ஸ்மன் முன்னாடி உக்காந்து கண்ண சிமிட்டி சிமிட்டி மானத்த வாங்கற சீனும் இதுலதான். ஒரு ஆபீசுக்குள்ள அடைஞ்சு கிடந்த ஷோ பார்லிமென்ட் இருக்கற வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது மொத்த பிரிட்டிஷ் அரசியலையும் காட்ட ஆரம்பிச்சது இங்கதான், ஆளு காலியான இடத்த நிரப்ப வேண்டி வந்த நெருக்கடிதான் அதுக்குப் பெரிய காரணம்னு நான் நினைக்கறேன்.

இது எப்படி தாங்குச்சுன்னா, இந்த ஷோவோட முதல் காட்சியே மால்கம் ஒரு மந்திரிய ராஜினாமா பண்ண வெக்கறதுதான், அந்த காலி நாற்காலிலதான் ஹியூ வந்து உக்கார்றாரு. மந்திரி வருவாங்க போவாங்க, துறையும் மால்கமும் இருப்பாங்கன்னு அடித்தளத்துலயே எழுதி வெச்சிருந்தாங்க. 2009-ல மூணாவது சீசன்ல ரெபெக்கா ஃப்ரண்ட் நிக்கோலா மர்ரியா வரும்போது ஒட்டுப்போட்ட மாதிரி தெரியவே இல்ல. வேற யாரும் கிடைக்காம கடைசில பதவி கிடைச்ச மந்திரி, லிஃப்ட்ல ஏற பயம், மகள எந்த ஸ்கூல்ல சேக்கறதுங்கறதக் கூட மால்கம் முடிவு பண்றான். ஹியூ களைச்சுப் போன ஆளு, நிக்கோலா ஏதாவது நல்லது பண்ணலாம்னு நிஜமாவே நம்பி வந்தவங்க, அதனால இவங்க நசுங்கறதப் பாக்கும்போது சிரிப்போட சேந்து வலிக்குது. 2010-ல சிறந்த சிட்காம், கபால்டிக்கு ஒண்ணு, ஃப்ரண்டுக்கு ஒண்ணுன்னு மூணு பாஃப்டா வந்தது நியாயம்தான்.

இதே பிபிசில ஹேவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூன்னு ஒரு செய்தி நக்கல் ஷோ, 1990-ல இருந்து ஓடுது. அத நடத்தின ஆங்கஸ் டேட்டன் பத்தி 2002-ல பத்திரிகைல போதைப்பொருள், விலைமாது கதையெல்லாம் வந்துச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பால் மெர்ட்டனும் இயன் ஹிஸ்லாப்பும் அடுத்தவங்கள கிண்டல் பண்ற அதே ஷோல அவரையே வறுத்தெடுத்தாங்க, அந்த வருஷம் அக்டோபர்ல வேலையும் போச்சு. அப்புறம் வாரம் ஒரு கெஸ்ட்ன்னு ஆக்கிட்டாங்க, போரிஸ் ஜான்சன் கூட வந்து நடத்தினாரு, அவர் பின்னாடி பிரதமரே ஆனதால அந்த முடிவு எனக்கு இன்னும் உறுத்துது. டேட்டன் பண்ணினது கேலிக்குள்ள அடங்கற தப்பு, லாங்ஹம் விஷயத்துல சிரிக்க எதுவுமே இல்ல, அதனால த திக் ஆஃப் இட் அதப் பத்தி ஒரு வார்த்தை பேசாம நகந்தது ரொம்ப சரி.

அப்போ முதல் ஆறு எபிசோட விட்டுடலாமா? விடாதீங்கன்னுதான் சொல்லுவேன். டெர்ரியா நடிச்ச ஜோவான்னா ஸ்கேன்லன், கிளெனா நடிச்ச ஜேம்ஸ் ஸ்மித், ஆலியா நடிச்ச கிறிஸ் ஆடிசன், எழுதின ஜெஸ்ஸி ஆம்ஸ்ட்ராங், சைமன் பிளாக்வெல், டோனி ரோச், இத்தனை பேர் உழைப்பும் அதுல இருக்கு, ஒருத்தர் பண்ணின குத்தத்துக்கு அவங்க வேலைய புதைக்கறது எனக்கு நியாயமா படல. ஆனா மனசு ஒப்பலன்னு சொல்றவங்க கிட்ட நான் வாதாட மாட்டேன், எனக்கே ஹியூ தனியா வர்ற சீன்ல சிரிப்பு தொண்டையோட நிக்குது. அவங்க நேரா 2007 ஸ்பெஷல்ல ஆரம்பிக்கலாம், கதை புரியும்.

குறைன்னா நாலாவது சீசன். இதுல ஆட்சி மாறி மேனியன் மந்திரி, மால்கம் கட்சி எதிர்க்கட்சி. ஒரு வாரம் கூட்டணி ஆட்சி, ஒரு வாரம் எதிர்க்கட்சின்னு மாத்தி மாத்தி போறதால வேகம் குறையுது, மால்கமும் மேனியனும் நேருக்கு நேரா மோதறது ரொம்ப கம்மி. ஆனா ஆறாவது எபிசோட், ஒரு மணி நேரம் முழுக்க விசாரணைக் கமிஷன் முன்னாடி எல்லாரும் வந்து உக்காந்து பதில் சொல்றது, அதுக்காகவே இந்த சீசன பொறுத்துக்கலாம்.

இதே ஷோல இருந்து கிளைச்சு 2009-ல வந்த இன் த லூப் படத்த ரெண்டாவது ஸ்பெஷலுக்கும் மூணாவது சீசனுக்கும் நடுவுல பாருங்க. மால்கமும், ஷோல அவனோட வலது கையா இருக்கற ஜேமியும் அதே ஆளுங்க, ஆனா ஆடிசனும் ஸ்கேன்லனும் அதுல வேற பேர்ல வேற கேரக்டரா வர்றாங்க, ஆலிதான் பேர மாத்திக்கிட்டானோன்னு குழம்பிடாதீங்க.