மேன் தீவா, ஜெர்சியா: வேக வரம்புப் போர்டை நம்புவதா, ஓட்டுபவரின் கையை நம்புவதா?

சாலையில் பாதுகாப்பைத் தருவது வேக வரம்பா, ஓட்டுபவரின் திறமையா என்று ஒரு விவாதம் உண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஐல் ஆஃப் மேனில் (மேன் தீவில்) ஊர் எல்லையைத் தாண்டினால் பல கிராமச் சாலைகளில் வேக வரம்பே கிடையாது, எவ்வளவு வேகம் சரி என்பதை ஓட்டுபவரே முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். பிரான்ஸ் கரைக்கு அருகே இருக்கும் ஜெர்சி தீவு நேர் எதிர். தீவு முழுக்க அதிகபட்சமே மணிக்கு 40 மைல், பச்சைச் சந்துகள் என்று அவர்கள் சொல்லும் குறுகிய பாதைகளில் வெறும் 15.

ஓட்டுபவரின் திறமையே போதும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஈரமான வளைவில் போர்டில் உள்ள 40-கூட அதிகம்தான், அதைப் போர்டு சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். ஆனால் பிரிட்டனின் சாலை விதி நூல் தரும் கணக்கைப் பாருங்கள்: 40 மைல் வேகத்தில் வண்டி நிற்க 36 மீட்டர், 60-இல் 73 மீட்டர். கல்சுவர் வளைவுக்கு அந்தப் பக்கம் டிராக்டர் நின்றால், எப்பேர்ப்பட்ட ஓட்டுநராக இருந்தாலும் சுவருக்குள் பார்க்க முடியுமா என்ன?

என் ஓட்டு ஜெர்சிக்கு. இத்தனைக்கும் மேன் தீவே புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களை முழுசாக நம்புவதில்லை. முதல் வருடம் வண்டியில் சிவப்பு ‘ஆர்’ (R) எழுத்து ஒட்டிக்கொண்டு 50 மைலுக்குள்தான் ஓட்ட வேண்டும்.