எஞ்சின்எக்ஸில் பிராட்லி மாட்யூல்: நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தவை

எஞ்சின்எக்ஸ் ஒரு வெப் செர்வர்; பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் பிராட்லி முறையை அதில் ஒரு மாட்யூலாகச் சேர்க்கலாம். தமிழ்ப் பக்கங்கள் நிறைந்த தளத்துக்கு பிராட்லி தேவையா? போடலாம், ஆனால் பழைய சுருக்கு முறையான ஜிஸிப்பை எடுத்துவிடாதீர்கள். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். ஆகவே ஜிஸிப்பிலேயே தமிழ் உரை நன்றாக அமுங்கிவிடும். பிராட்லிக்குள் இருக்கும் சுமார் 120 கேபி அகராதியில் ஆங்கிலம், இந்தி, அரபு உண்டு, தமிழ் இல்லை. அந்த அகராதியால் லாபம் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எச்டிஎம்எல் டேக்குகளுக்குத்தான். பிஎச்பி பதில் சொல்லவே 2 நொடி எடுக்கிறதென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

மாட்யூலை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்பவர்கள் கிட் குளோன் செய்யும்போது சப்மாட்யூல்களையும் சேர்த்து இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பிராட்லி ஃபோல்டர் காலியாக இருக்கும், பில்ட் பாதியில் நிற்கும். எஞ்சின்எக்ஸ் சோர்ஸ், செர்வரில் ஓடும் அதே பதிப்பாக இருக்கட்டும். வித்-காம்பேட், ஆட்-டைனமிக்-மாட்யூல் கொடுத்து கான்ஃபிகர் செய்து, 'மேக் மாட்யூல்ஸ்' ஓட்டினால் ஃபில்டர் (உடனுக்குடன் சுருக்குவது), ஸ்டாடிக் (முன்பே சுருக்கியதை அனுப்புவது) என இரண்டு .எஸ்ஓ கோப்புகள் வரும். லோட்-மாட்யூல் வரிகள் கான்ஃபிக்கின் உச்சியில், ஈவன்ட்ஸ் பிளாக்குக்கு மேலே வர வேண்டும்.

எவ்வளவு அழுத்திச் சுருக்குவது என்னும் லெவல் விஷயத்தில் பேராசை வேண்டாம். கேட்கும்போதெல்லாம் உருவாகும் பக்கங்களுக்கு 4 அல்லது 5 போதும். 11 வைத்தால் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் சிபியு திணறும், பக்கம் இன்னும் தாமதமாகத்தான் வரும். 11 எல்லாம் பிராட்லியில் முன்கூட்டியே சுருக்கி வைக்கும் .பிஆர் கோப்புகளுக்கு. ஜேபெக் படங்கள், வோஃப்2 எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சுருக்க வேண்டிய கோப்பு வகைகளின் பட்டியலில் சேர்க்காதீர்கள்; அவை ஏற்கெனவே சுருங்கியவை.

பெரிய தலைவலி அப்டேட்தான். எஞ்சின்எக்ஸ் 1.24.0இலிருந்து 1.26.1க்குப் போனால், பழைய மாட்யூலைப் பார்த்து '1024000 இன்ஸ்டெட் ஆஃப் 1026001' என்று எரர் வரும். பழைய பிராசஸ் ஓடும்வரை இது கண்ணில் படாமலே போகலாம். ரீபூட் ஆனதும் தளம் எழாது. ஏபிடியில் (டெபியன், உபுண்டுவின் பேக்கேஜ் மேலாளர்) எஞ்சின்எக்ஸை ஹோல்டில் வைத்து, அதாவது தானாக அப்டேட் ஆகாமல் நிறுத்தி, புது மாட்யூல் தயாரான பிறகே ஏற்றுங்கள். கான்ஃபிக் சரியா என்று சோதிக்கும் 'எஞ்சின்எக்ஸ் -டி' பார்க்காமல் ரீஸ்டார்ட் கூடாது.

எல்லாம் சரியாக இருந்தும், பிராட்லி வேலை செய்வதைக் காட்டும் 'பிஆர்' பதிலின் ஹெடரில் வரவில்லையா? எச்டிடிபிஎஸ் இருக்கிறதா பாருங்கள். வெறும் எச்டிடிபியில் பிரவுசர் பிராட்லி கேட்காது. அடுத்து, பிஎச்பி தானே பதிலைச் சுருக்கும் ஸீலிப் அவுட்புட் கம்ப்ரெஷனை அணையுங்கள். பிஎச்பியிலிருந்தே ஜிஸிப்பாக வந்த பதிலை மாட்யூல் தொடாது. நடுவில் கேஷ் இருந்தால், ஒவ்வொரு சுருக்கு முறைக்கும் தனிப் பிரதி வைக்கச் சொல்லும் 'ஜிஸிப்-வேரி ஆன்' கட்டாயம்.

சிஎஸ்எஸ்ஸை மாற்றியும் பழைய தோற்றமே வந்தால் .பிஆர் கோப்பைப் புதுப்பிக்க மறந்திருப்பீர்கள். எது புதியது என்று எஞ்சின்எக்ஸ் ஒப்பிடாது; .பிஆர் இருந்தால் அதையே அனுப்பும்.